கூரைமேல் நிற்பவரிடம் முதலில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய நகர மன்ற நிர்வாகத்தினருக்கும், கட்டட உரிமையாளர்களுக்கும், அடுக்குமாடி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

முப்பத்தைந்து ஆண்டுகள், பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திர அறைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அலுவலகம், கடைத்தொகுதி, மருத்துவமனை, பள்ளி என்று சிங்கப்பூரில் நான் ஏறி இறங்காத மொட்டைமாடிகள் குறைவு. உங்களுக்கு எழுத வேண்டும் என்று வேலையில் இருந்தபோதே நினைத்ததுண்டு. அப்போது என் பேச்சுக்கு ஒரு மேலாளரும், அவருக்கு மேல் ஒரு நிறுவனமும் பொறுப்பாக இருந்தார்கள். இப்போது நான் மட்டுமே பொறுப்பு.

உங்களில் பலர் இந்நேரம் ஒரு கணக்கில் மூழ்கியிருப்பீர்கள். கட்டாய எரிசக்தி மேம்பாட்டுத் திட்டம் 2025 இல் நடப்புக்கு வந்துவிட்டது. 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்பளவு கொண்ட கட்டடங்களில், தம்மைப் போன்ற மற்றவற்றைக் காட்டிலும் அதிக மின்சாரம் இழுப்பவை தணிக்கை செய்துகொண்டு, பயன்பாட்டை 10 விழுக்காடு குறைத்தாக வேண்டும். அரசாங்க அலுவலகங்களுக்கும் தனி இலக்கு இருக்கிறது. 2018 முதல் 2020 வரையிலான சராசரியிலிருந்து மின்சாரத்தையும் தண்ணீரையும் 2030க்குள் பத்துப் பத்து விழுக்காடு குறைக்க வேண்டும். நல்ல இலக்குகள். எட்டக்கூடியவை என்றும் உறுதியாகச் சொல்வேன்.

என் கவலை, அதற்கு நீங்கள் போகப்போகும் வழியைப் பற்றியது. ஆலோசகர் வருவார், தடித்த அறிக்கை தருவார், அதில் புது சில்லர், புது பம்ப், புது உணர்கருவி என்று பட்டியல் இருக்கும். அவற்றில் சில தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த விரயத்தில் பெரும்பகுதி, அங்கே தினமும் வேலை செய்யும் யாரோ ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாகவே இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னாலும் அது போய்ச் சேர ஓர் இடம் இல்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எந்தக் கட்டடம் என்பது முக்கியமில்லை, பல இடங்களில் நடப்பதுதான்.

ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். சில்லரின் வெப்பத்தை வெளியே தள்ளும் கூலிங் டவரில் மின்விசிறி அதிர்கிறது என்று என்னை அனுப்பியிருந்தார்கள். மாடிக்கு ஏறினால், டவரின் அடித்தொட்டியிலிருந்து வழிநீர்க் குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பெருவிரல் தடிமனில், சத்தமே இல்லாமல், நேராக வடிகாலுக்கு. குழாயின் கீழே சிமெண்டுத் தரையில் பச்சைப் பாசி ஒரு பாய் அளவுக்குப் படர்ந்திருந்தது. நேற்று இன்று தொடங்கியதென்றால் அப்படிப் பாசி பிடிக்காது.

தொட்டியைக் கழுவ வந்திருந்த தம்பி ஒருவர் பக்கத்தில் நின்றார். புதுக்கோட்டைப் பக்கம். "அண்ணே, போன தடவை வந்தப்பவே இது ஓடிக்கிட்டுத்தான் இருந்தது" என்றார். போன தடவை என்றால் மூன்று மாதம் முன்பு. சொன்னீர்களா என்று கேட்டேன். தம் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளரோ தொட்டி கழுவும் நிறுவனத்தைச் சேர்ந்தவர். வால்வு பழுது பார்ப்பது வேறு நிறுவனத்தின் ஒப்பந்தம். 'நமக்குக் கொடுத்த வேலையைப் பார்' என்று சொல்லிவிட்டாராம்.

பத்து லிட்டர் வாளியைக் குழாயின் கீழ் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் நிறைந்தது. நாளொன்றுக்கு 14,400 லிட்டர். 2023 ஆம் ஆண்டுக் கணக்குப்படி சிங்கப்பூரில் வீட்டில் ஒருவர் பயன்படுத்தும் தண்ணீர் நாளுக்கு 141 லிட்டர். நூறு பேருக்கு மேல் குளித்து, சமைத்து, துவைத்து முடிக்கும் தண்ணீர் அந்தப் பாசியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கன மீட்டருக்கு 3.24 வெள்ளி என்ற இன்றைய விலையில் பார்த்தால் நாளுக்கு 46 வெள்ளி, மூன்று மாதத்துக்கு 4,000 வெள்ளிக்கு மேல். கோளாறு என்னவென்றால், மிதவை வால்வின் கம்பி வளைந்து, தொட்டி நிறைந்த பிறகும் வால்வு மூடாமல் நின்றது. கையால் நிமிர்த்தினேன். நின்றுவிட்டது. பிறகு புது வால்வு மாற்றினோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் அம்மா. 1963 ஏப்ரலில் தொடங்கி 1964 பிப்ரவரி வரை இங்கே தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. கம்பத்தில், அதாவது எங்கள் கிராமத்தில், பொதுக்குழாயின் முன் வாளியோடு வரிசையில் நின்றவர் அவர். ஊதாரித்தனமாகச் செலவு செய்பவரைப் பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று நம் ஆட்கள் சொல்வார்கள் அல்லவா? அம்மா அப்படிச் சொல்லவே மாட்டார். அரிசி களைந்த தண்ணீர் செடிக்குப் போகும், துணி அலசிய தண்ணீர் தரைக்குப் போகும். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து, குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வந்த காலத்திலும் அவர் அதை விடவில்லை.

இந்தத் தீவில் தண்ணீரையும் மின்சாரத்தையும் தனித்தனியாக எண்ணுவது பிழை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் அலுவலகங்களில் தண்ணீர்க் கட்டணம் ஒருவர் மேசைக்கும் மின்கட்டணம் இன்னொருவர் மேசைக்கும் போகிறது. ஆனால் நம் தண்ணீரில் ஒரு பகுதி கடலிலிருந்து வருகிறது. கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பு நீக்க, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அதை இரண்டு கிலோவாட் மணியாகக் குறைக்க, தண்ணீருக்குப் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்துவருகிறது. அந்த மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள இடம் தரும் 1962 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 இல் முடிகிறது. அதற்குப் பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரையும் கடல்நீரையும் இன்னும் கூடுதலாக நம்பியிருப்போம். ஆக, மொட்டைமாடியில் வழியும் தண்ணீர் எங்கோ எரியும் எரிவாயுவும்தான்.

அதேபோல் குளிரூட்டும் மின்சாரம் தண்ணீரையும் குடிக்கிறது. வணிகக் கட்டடத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி குளிரூட்டலுக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெப்பத்தை வெளியே தள்ள கூலிங் டவர் தண்ணீரை ஆவியாக்குகிறது. 500 டன் குளிரூட்டும் சுமையில் (டன் என்பது இங்கே குளிரூட்டலின் அளவு) பத்து மணி நேரம் ஓடும் அமைப்பில் ஏறக்குறைய 30,000 லிட்டர் ஆவியாகும். இது தவிர்க்க முடியாதது. தவிர்க்கக்கூடியது இன்னொன்று. கொதிக்கக் கொதிக்க ரசத்தில் உப்பு ஏறுவதுபோல, ஆவியாக ஆவியாகத் தொட்டித் தண்ணீரில் தாதுக்கள் ஏறும். அளவு மீறினால் குழாயில் காரை படியும். அதனால் அவ்வப்போது கொஞ்சம் வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். தாதுக்கள் மூன்று மடங்கு ஏறியதுமே வெளியேற்றினால் நாளுக்கு 15,000 லிட்டர் வடிகாலுக்குப் போகும். நீரை முறையாகப் பக்குவப்படுத்தி ஆறு மடங்கு வரை விட்டால் 6,000 லிட்டர் போதும். இடையில் நிற்கும் 9,000 லிட்டர், ஒரு குமிழை எங்கே திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் பார்த்த ஓர் இடத்தில் தானியங்கிக் கட்டுப்பாடு பளபளவென்று சுவரில் இருந்தது. வெளியேற்றும் வால்வு கையால் பாதி திறந்து விடப்பட்டிருந்தது. யார் திறந்தார், எப்போது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்வெர்ட்டர் கதையும் அப்படித்தான். பம்பின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. நிறையப் பணம் கொடுத்துப் பொருத்துவீர்கள். பம்ப் விஷயத்தில் இயற்கை நமக்கு ஒரு பெரிய சலுகை தந்திருக்கிறது: வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஒரு கட்டடத்தில் குளிர்நீர் பம்பின் இன்வெர்ட்டர் முகப்பில் 50 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம், என்று சிவப்பு எழுத்தில் நின்றது. அடுத்த வாரம் போனேன், 50. இரவு போனேன், கட்டடத்தில் பாதிப் பேர் இல்லை, அப்போதும் 50. அங்கே இரவுப் பணியில் இருந்தவர் தஞ்சாவூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். "நான் சேர்ந்த நாள்முதல் அது ஐம்பதுதான். அதுதான் சரியான எண் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. முன்பு எப்போதோ ஒரு தளத்தில் புழுக்கம் என்று புகார் வந்திருக்கிறது. யாரோ அவசரத்துக்குக் கருவியைக் கைமுறைக்கு மாற்றியிருக்கிறார். திரும்ப மாற்றவில்லை. ஆண்டுகள் ஓடிவிட்டன. மேலாளரிடம் அனுமதி வாங்கி, நானும் அவரும் சேர்ந்து, ஒவ்வொரு தளமாக வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே நான்கு நாள்களில் படிப்படியாக 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம். முப்பது கிலோவாட்டுக்குச் சற்று மேல் காட்டிய மின்மானி பதினாறில் வந்து நின்றது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்தாலும் 50,000 கிலோவாட் மணிக்கு மேல் மிச்சம். யூனிட்டுக்கு 25 காசு என்று போட்டுப் பாருங்கள், 12,000 வெள்ளியைத் தாண்டும். ஒரு திருகுகூட வாங்கவில்லை.

அந்த அண்ணன் ஓர் அட்டையில் தமிழில் எழுதி இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்: "எண் 45க்கு மேல் இருந்தால் எனக்குப் போன் செய்யவும்." கீழே தம் எண். நான் ஓய்வுபெறும் முன் கடைசியாக அங்கே போனபோதும் அந்த அட்டை இருந்தது. ஓரம் மஞ்சளாகி, மேலே புது ஒட்டுத்தாள் போட்டு.

அந்த அட்டையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்நாட்டில் தமிழ் அதிகாரத்துவ மொழி. விரைவு ரயில் நிலையத்தில், மருத்துவமனையில், நாணயத்தில் தமிழ் இருக்கிறது. பம்ப் அறையில் இல்லை. அங்கே வேலை செய்பவர்களோ தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் சீனாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். பாதுகாப்பு எச்சரிக்கைகளைச் சில இடங்களில் அவர்கள் மொழியில் எழுதுகிறீர்கள், அதற்கு நன்றி. இயந்திரம் எந்த எண்ணில் ஓட வேண்டும், மீட்டர் நாளுக்கு எவ்வளவு காட்ட வேண்டும், மீறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே மொழிகளில் எழுதி மாட்டுங்கள். நாள்தோறும் காலையில் தண்ணீர் மீட்டரையும் மின்மானியையும் குறித்துவைக்கும் பலகை ஒன்று அங்கேயே இருக்கட்டும். எண் கண்ணில் பட்டால் மனிதன் கவனிப்பான். கட்டணச் சீட்டு மாதக் கடைசியில் கணக்கர் மேசைக்குப் போவதால் வால்வைத் தொடுபவருக்கு எதுவும் தெரிவதில்லை.

அடுத்தது, நகர மன்றங்களுக்கு. நீங்கள் செய்திருப்பவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் புளோக்கின் நடைபாதையில் எல்இடி விளக்குகள், கூரையில் சூரியத் தகடுகள். பல புளோக்குகளில் இறங்கும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரும் மின்தூக்கிகள். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 இல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியப் பண்ணையைப் பேரப்பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். தண்ணீரின் மேல் 122,000 தகடுகள். அதை அமைத்த நாட்டில் ஒரு காட்சி மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நவம்பர் மாதம். விடியற்காலையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்துக்கு வெளியே உள்ள நடைபாதையில், நெகிழி மழையங்கி போட்டுக்கொண்டு ஒரு துப்புரவுத் தம்பி, உயர் அழுத்தக் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மேலிருந்து மழை, கையிலிருந்து குடிநீர். மழை நின்ற பிறகு துடைத்தால் போதாதா என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அன்றைய அட்டவணையில் எங்கள் புளோக் எண் இருந்தது. கழுவிய தரையைப் படம் எடுத்து அனுப்பினால்தான் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்காம். படத்தில் தரை ஈரமாகத் தெரிய வேண்டும்.

ஈரத்துக்குக் காசு கொடுக்கும் ஒப்பந்தம் ஈரத்தைத்தான் தரும். இத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்று எழுதுவதற்குப் பதிலாக, தரை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். மழை பெய்த நாளில் கழுவலைத் தள்ளிவைக்க அந்தத் தம்பிக்கே உரிமை கொடுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. புதிய வட்டாரங்களில் கூரை மழைநீரைச் சேர்த்துத் தரை கழுவவும் செடிக்கு ஊற்றவும் பயன்படுத்துகிறீர்கள். பழைய புளோக்குகளிலும் இடம் உள்ள இடத்தில் தொட்டி வையுங்கள்.

இனி, யாரும் பேச விரும்பாத ஒன்று. ஊழியர்கள் ஏன் சொல்வதில்லை? அலட்சியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. கசிவைக் கண்டு சொன்ன ஒருவரிடம் 'இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்று கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறப்பாரா? வேலை அனுமதிச் சீட்டு முதலாளியின் கையில் இருக்கும்போது, பிரச்சினையைக் கொண்டுவருபவன் என்ற பெயர் எடுக்க எவருக்கும் துணிவு வராது. சொன்னவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். துப்புரவு, பராமரிப்பு, காவல் எந்த நிறுவனத்தின் ஆளாக இருந்தாலும் சரி, கட்டட நிர்வாகத்துக்கே நேராகச் சொல்ல ஒரே ஒரு கைப்பேசி எண் இருக்கட்டும். குரல் பதிவாக, அவரவர் மொழியில் அனுப்பட்டும். மொழிபெயர்க்க இன்று கருவிகள் இருக்கின்றன.

மிச்சமாவதில் ஒரு பங்கையும் அவர்களுக்குக் கொடுங்கள். இதைத் தயங்காமல் கேட்கிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் அந்த மிச்சத்திலிருந்தே ஆலோசக நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுக்கும் ஒப்பந்த முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. நிறுவனத்துக்குக் கொடுப்பது முறையென்றால், மிதவை வால்வைக் கண்டுபிடித்த புதுக்கோட்டைத் தம்பிக்கு நூறு வெள்ளி கொடுப்பதும் முறைதான்.

அலுவலகங்களின் குளிரைப் பற்றி எழுதினால் தனி மடலாகிவிடும். ஒன்று மட்டும். ஓர் அலுவலகத்தில் எல்லாரும் சால்வையும் கம்பளிச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் 25 பாகை என்று ஒட்டுத்தாள் இருந்தது. என் கையில் இருந்த வெப்பமானியோ 21 காட்டியது. அரை நாள் தேடினேன். தேநீர் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "அந்த நகலெடுக்கும் இயந்திரத்தை இடம் மாற்றி வைத்த நாளிலிருந்துதான் இந்தக் குளிர்" என்றார். போய்ப் பார்த்தால், வெப்ப உணர்கருவிக்கு நேர் கீழே அந்த இயந்திரம். அது விடும் சூட்டை அறையின் சூடு என்று உணர்கருவி நம்பிவிட்டது. இயந்திரத்தை ஆறடி தள்ளி வைத்தோம். மதியத்துக்குள் சால்வைகள் நாற்காலிக்குப் போயின. அந்த அக்கா பல மாதங்களாக அதை அறிந்திருந்தார்.

ஆகவே தணிக்கைக்கு ஆளை அமர்த்தும்போது ஒரு நிபந்தனை போடுங்கள். அவர் கணினியைத் திறப்பதற்கு முன், இரவுப் பணியாளரோடு ஒரு முழு இரவும், துப்புரவாளரோடு ஒரு முழுக் காலையும் கூட நடக்க வேண்டும். அவர்கள் சொன்னது அறிக்கையின் முதல் பக்கத்தில், சொன்னவர்களின் பெயரோடு வர வேண்டும்.

நான் வெறுமனே சொல்லிவிட்டு ஒதுங்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வட்டாரத் தம்பிகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, கீழ்த்தள மேசையில் உட்கார்ந்து இன்வெர்ட்டர், மிதவை வால்வு, கூலிங் டவர் பற்றித் தமிழில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தாளில் படம் வரைந்துதான் சொல்கிறேன், ஓடும் பம்ப் ஒன்றைக் காட்ட எங்களுக்கு இடம் இல்லை. உங்களில் யாராவது ஒருவர் உங்கள் பம்ப் அறையை மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். பாதுகாப்புக் காலணியும் தலைக்கவசமும் நாங்களே கொண்டுவருகிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம். போகும்போது உங்கள் மீட்டர் எண்களையும் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓய்வுபெற்ற குளிரூட்டித் தொழில்நுட்பர்,
ஈசூன்